மூன்று மாதம் முடியட்டும்

யூடியூபில் என் ஆட்டத்தைத் தேடினால் ஒரே ஒரு வீடியோதான் கிடைக்கும். பதினோரு விநாடி. எதிரணியின் ஃபார்வர்ட் பந்தோடு இடது பக்கமாக ஓடி வருகிறாள். அவளுக்கு எதிரே ஐந்தாம் எண் சட்டை போட்ட ஒருத்தி நிற்கிறாள். காலை நீட்டப் போனவள், நீட்டாமல் இழுத்துக்கொள்கிறாள். பந்து அவளைத் தாண்டிப் போகிறது. கோல். அதற்கு மேல் கோல் அடித்தவளின் முகம் மட்டும்தான். ஐந்தாம் எண் நான்.

என் நாத்தனார் அதைப் போனில் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, பஸ்ஸுக்கு வழி வுடுற மாதிரி நின்னுக்கினு இருக்கீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். காலை ஏன் இழுத்துக்கொண்டேன் என்று அவளுக்கு அன்று தெரியாது. டாக்டரை விட்டால் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், என் கணவர், அத்தை.

ஆறு பருவம் நான் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்கினேன். நான் நின்ற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஸ்டாப்பர் என்று பெயர். கோல் கம்பத்துக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவளை நிறுத்த வேண்டியவள். ஆறு பருவத்தில் எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கிறேன். அதையெல்லாம் யாரும் வெட்டி எடுத்துப் போடவில்லை. விழாமல் போன கோலை யார் பார்ப்பார்கள்?

பள்ளியில் என்னைப் பின்னால் நிறுத்தியவர் எங்கள் பி.டி. மாஸ்டர். "ஒசரமா இருக்கிற, பயந்தாங்கொள்ளியாவும் இருக்கிற, பின்னால போய் நில்லு" என்றார். பயம் என்றது உண்மைதான். பந்து எதிர்ப்பக்கத்தில் கிடக்கும்போதும் தலையைத் திருப்பித் திருப்பி, யார் எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதித் தெரு போனபிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற சுபாவம் எனக்கு. வேறு எந்த வேலையிலும் அது குறை. அந்த ஓர் இடத்தில் மட்டும் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். கிடைத்தது. மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே சென்னையில் ஒரு கிளப் எடுத்துக்கொண்டது. நான்காவது பருவம் முடிந்ததும் கல்யாணம். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான்கு தெரு. கணவருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மாமாவும் அத்தையும் வீட்டில் பட்டுத்தறி போட்டிருக்கிறார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைப் புடவை. உடலுக்கு மாமா குறுக்கு நூல் கோத்த நாடாவை எறிவார். கரைக்கான நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்து அத்தை எறிவார். அவர்களில் ஒருவர் எழுந்து போனால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்படியும், பருவம் நடக்கும் மாதங்களில் மருமகள் சென்னையில் விடுதியில் இருப்பதை அந்த வீடு ஏற்றுக்கொண்டது. தெருவில் யாராவது கேட்டால், "என் மருமக பந்தாட்டத்துல வேல பாக்குறா" என்பார் அத்தை. வேலை என்றுதான் சொல்வார்.

ஐந்தாவது பருவத்துக்கும் ஆறாவது பருவத்துக்கும் நடுவே, வீட்டில் இருந்த மாதங்களில், முதல் முறை உண்டானேன். நாற்பத்தைந்தாம் நாளே என் அம்மா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்துவிட்டார். ஒன்பதாவது வாரம் கலைந்துவிட்டது. அப்போது நான் பந்தைத் தொட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ஜாங்கிரி தின்ற வாய்கள் சும்மா இருக்கவில்லை. "ஓடிக்கினு குதிச்சிக்கினு இருந்தா வயித்துல எப்படிமா தங்கும்?" என்று என் முகத்துக்கு நேராகவே ஒருத்தி கேட்டாள். அத்தை தறியை விட்டு எழுந்து வந்து அவளை வாசலோடு அனுப்பினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "எனக்கும் ரெண்டு போச்சுமா" என்று மட்டும் சொன்னார்.

ஆறாவது பருவத்துக்கு ஒப்பந்தம் வந்தது. ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம். மற்ற பெண்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் எதையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. ஏழாம் பக்கத்தில் புதிதாக ஒரு பிரிவு இருந்தது. ஆடுகிறவள் கருவுற்றால், தெரிந்த பத்து நாளுக்குள் டாக்டர் சான்றிதழோடு கிளப்புக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அவளை நீக்க மாட்டார்கள். அணியில் அவள் இடம் அவளுக்கே இருக்கும், சம்பளமும் வரும். சொல்லாமல் மறைத்தால் ஒப்பந்தம் ரத்து. சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"இங்க கல்யாணம் ஆனது அக்கா ஒருத்திதான். அக்காவுக்குன்னே அடிச்சிருக்காங்க" என்றாள் ரைட் பேக் ஆடும் பெண். சேலத்துக்காரி, என்னைவிட நான்கு வயது சின்னவள்.

ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. தெரிந்தே செய்தேன்.

பருவம் தொடங்கிய சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். நாள் தள்ளிப் போயிருந்தது. வீட்டிலேயே சோதித்துப் பார்த்ததில் இரண்டு கோடு வந்தது. மறுநாள் அத்தையும் நானும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "இனிமே ஆடக்கூடாது. உங்க டீமுக்கு லெட்டர் தரேன், நாளைக்கே குடுத்துடும்மா" என்று சான்றிதழ் எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மூணு மாசம் முடியட்டும்மா. அதுக்கு முன்னால வெளிய யாருக்கும் மூச்சு வுடக்கூடாது. போன தபா இன்னா ஆச்சு?"

"பத்து நாளுக்குள்ள சொல்லணும் அத்தை. எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதுனது எங்க போவுது? கொழந்த போனா வருமா?"

கணவரைப் பார்த்தேன். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அம்மா சொல்றதும் சரிதானே? ஒரு ஆறு வாரம் எப்படியாவது தள்ளிடு. கால் வலின்னு சொல்லு" என்றார்.

அத்தை சான்றிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, சாமி மாடத்தில் படத்துக்குப் பின்னால் செருகினார். எங்கள் பக்கத்து வீடுகளில் கல்யாணப் பத்திரிகையை, புதுப் பத்திரத்தை, பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக்கூட அப்படித்தான் வைப்பார்கள். ஒரு தாளைச் சாமியிடம் வைத்தால் அது பத்திரமாக இருக்கும் என்று நானும் நம்பி வளர்ந்தவள்தான். எதிர்த்துப் பேசவில்லை. இதெல்லாம் யாரும் என்னைக் கட்டிப்போட்டுச் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் மேட்ச். என்ன காரணம் சொல்லித் தப்பிப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் பட்டியலில் என் எண் வந்துவிட்டது. முதல் அரைமணி நேரம் எந்தப் பந்துக்கும் தலையால் முட்டப் போகவில்லை. யாருடைய தோளும் என் மேல் படாத தூரத்திலேயே நின்றேன். பயிற்சியாளர் ஓரத்திலிருந்து, "உனக்கு இன்னைக்கு என்ன கேடு? உள்ள போ, ஆளப் புடி!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பிறகு அந்த ஃபார்வர்ட் வந்தாள். நல்ல கனமான பெண். முழு வேகத்தில் வருகிறாள். இரண்டு எட்டு முன்னால் வைத்து இடது காலை நீட்டினால் பந்து என்னுடையது. நூறு தடவை செய்ததுதான். அவள் முழங்கால் என் வயிற்றின் உயரத்தில் இருந்ததை மட்டும்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை பயிற்சியில் பத்து எட்டு ஓடிவிட்டுப் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாம்ஸ்ட்ரிங் என்றேன். ஆறு பருவத்தில் நான் ஒரு முறைகூட அடிபட்டதாகச் சொல்லி உட்கார்ந்ததில்லை. அதனால் எல்லோரும் உடனே நம்பினார்கள். நேற்று நான் அப்படி ஆடியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று பயிற்சியாளருக்குக்கூட நிம்மதி. "நேத்தே சொல்ல வேண்டியதுதானம்மா?" என்றார்.

அணியின் பிசியோ ஓர் இளம்பெண். அந்தப் பருவத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தவள். ஆறு வாரம் தினமும் இரண்டு வேளை என் காலுக்கு ஐஸ் வைத்து, நீவி, பட்டை ஒட்டினாள். இல்லாத வலியைச் சரியான இடத்தில் சொல்வது சுலபமில்லை. நேற்று எங்கே வலிக்கிறது என்றேனோ அங்கேயே இன்றும் முகத்தைச் சுளிக்க வேண்டும். அவள் கொடுத்த வலி மாத்திரைகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஸ்கேன் எடுக்கலாம் என்றாள். மூடிய இடம் பயம் என்று சொல்லி அழுதேன். அழுகை மட்டும் நிஜம். "சரி அக்கா, அழாதீங்க, ரெஸ்ட் குடுத்துப் பாக்கலாம்" என்று என் தலையைத் தடவினாள். தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று நினைத்து, தன் கல்லூரி ஆசிரியருக்குப் போன் செய்து என் காலைப் பற்றிக் கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

மூன்று மாதம் முடிந்தது. அத்தை சாமி மாடத்திலிருந்து சான்றிதழை எடுத்து, கண்ணில் ஒற்றி, என் கையில் கொடுத்தார். "இப்ப போய் தெகிரியமா குடுமா. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

கிளப் மேலாளர் அதைப் பிரித்துப் பார்த்தார். மூலையில் இருந்த மஞ்சளை விரலால் தொட்டு முகர்ந்தார். "வாழ்த்துகள் மா" என்றார். பிறகு அவர் விரல் கீழே இறங்கித் தேதியில் நின்றது.

"இந்தத் தேதிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

அந்த நிமிஷம் வரை அது எனக்குத் தோன்றவே இல்லை. எதையும் இரண்டு தடவை படிக்கிற நான், டாக்டரம்மாவிடம் போய்ப் புதிதாக ஒன்று எழுதி வாங்க வேண்டும் என்று ஒரு முறைகூட நினைக்கவில்லை. சாமியிடம் இருந்த தாளை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து நீட்டிவிட்டேன். என்னைக் காப்பாற்ற எழுதிய தாள், ஆறு வாரமாக நான் பொய் சொன்னதற்குச் சாட்சியாக மேஜைமேல் கிடந்தது.

"அப்ப ஹாம்ஸ்ட்ரிங்?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க வழக்கம் சார். மூணு மாசம் வரைக்கும் வெளிய சொல்ல மாட்டோம்."

"எங்க வீட்லயும் அப்படித்தாம்மா. ஆனா எங்க வீட்ல யாரும் ஏழாம் பக்கத்துல கையெழுத்து போடலையே?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். இரண்டு நாளில் கடிதம் வந்தது. மறைத்ததால் ஒப்பந்தம் ரத்து. பெட்டியை எடுத்துக்கொண்டு விடுதிப் படி இறங்கும்போது பிசியோ எதிரே வந்தாள். அவளுக்கு மேலிடத்தில் நல்ல திட்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டாள். "என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல அக்கா? நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றாள். பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு இறங்கினேன். இன்றுவரை அவளுக்குப் போன் செய்யவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தூங்கும்போது அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து படுத்தால், பார்த்தது சரிதானா என்று தோன்றும். மறுபடி போவேன். பால் போதுமா, கழுத்து நின்றதா, தலை ஒரு பக்கம் தட்டையாகிறதா என்று டாக்டரம்மாவிடம் எழுதிக்கொண்டு போய்க் கேட்பேன். அவர் ஒருநாள், "கொழந்த நல்லா இருக்குது. உன்னைத்தான் பாக்கணும் போல இருக்குது" என்றார்.

ஐந்தாம் மாதம் ஓட ஆரம்பித்தேன். காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போய் ஏழரைக்குத் திரும்புவேன். முதல் வாரம் ஒரு சுற்றுக்கே இடுப்பு கழன்று விழுவது போல இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் குழந்தை அத்தையிடம். அத்தை தறியில் இல்லை என்றால் மாமாவும் இல்லை. அவர் வாசலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "உன் மாமனாருக்கு இப்பதான் நாட்டு நடப்பே தெரியுது" என்று அத்தை கிண்டல் செய்வார். புடவை முடிய நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாரமாக இருந்தது.

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது சென்னையில் வேறொரு கிளப் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். அதற்கு முன் அவர் ஒரு மேட்ச்சும் பார்த்ததில்லை. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாக இருந்தது. சட்டைக்குள் இரண்டு துணி மடித்து வைத்திருந்தேன். அதையும் மீறி நனைந்தது. வியர்வை என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

நன்றாக ஆடினேன். இதைத் தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் இதைப் போல நிச்சயமாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வந்த பந்தையெல்லாம் எடுத்தேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. பாதி ஆட்டத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனபோது, பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் அப்பாவிடம் அத்தை பேசிக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணாமா?"

"மருமக. பின்னால நின்னு கத்திக்கினு இருந்தா பாரு, அவதான். அவளத் தாண்டி ஒருத்தி போவ முடியாது." பிறகு என்னைப் பார்த்து, "இன்னாமா இது, இந்தக் கத்து கத்துற? வூட்ல உப்பு வேணும்னாகூட சைகையில கேப்பியே!" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் அங்கிருந்த பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார்.

"நல்லா ஆடுன. கால் எப்படி இருக்குது? ஹாம்ஸ்ட்ரிங்லாம் ஒண்ணும் இல்லையே?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கதை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்."

"கோவிச்சுக்காத மா. கடைசில நிக்குறவள நம்பித்தான் மத்த பத்து பேரும் முன்னால போறாங்க. நாளைக்கு நீ வலிக்குதுன்னா நான் எத நம்புறது?"

செங்கல்பட்டில் இறங்கி காஞ்சிபுரம் ரயில் ஏறினோம். வண்டி கிளம்பிய பிறகு அத்தை கேட்டார். சொன்னேன்.

"அவன் கெடக்குறான். ஊர்ல வேற டீமே இல்லியா?"

வாலாஜாபாத் வந்துகொண்டிருந்தது. குழந்தை அத்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டில் பூக்கூடையோடு இரண்டு பெண்கள். அவர்கள் காதில் விழும் என்று தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

"எல்லாம் உங்களாலதான் அத்தை. பத்து நாளுக்குள்ள குடுத்திருந்தா என் எடம் எனக்கு இருந்திருக்கும். நீங்கதான் வாங்கி வெச்சிக்கினீங்க. ஆறு வருஷம் நான் சேத்ததை ஒரு பொட்டு வெச்சு முடிச்சிட்டீங்க."

அத்தை குழந்தையின் மேல் துணியை இழுத்துவிட்டார். பிறகு, "சாமியாண்ட வெச்சது தப்பாமா?" என்று கேட்டார். சண்டையாக இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"தப்புதான்" என்றேன்.

அன்றிலிருந்து அத்தை மாறிவிட்டார். பேசாமல் இல்லை. வேலை செய்யாமல் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்க ஆரம்பித்தார். "கொழந்தைக்குக் கன்னத்துல பொட்டு வெக்கட்டுமாமா?" "தலைக்கு எண்ணெ வெக்கலாமா?" "வெள்ளிக்கிழம கோயிலுக்குத் தூக்கிக்கினு போவட்டா, வேணாமா?" நாற்பது வருடம் ஒரு வீட்டை ஆண்டவர். என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் சரி என்ற பிறகுதான் கையை நீட்டுவார். முதல் சில நாள் அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது. கணவர் ஒருநாள், "எங்கம்மாவ ஆயிரம் பேர் எதிர்ல திட்டியிருந்தாகூட இப்படி ஆயிருக்க மாட்டாங்க. இன்னாதான் சொன்ன?" என்று கேட்டார். உண்மையைத்தான் சொன்னேன் என்றேன்.

அதை உண்மை என்றுதான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் பல மாதம் ஓடியது. ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தேன். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைப்பதுதான் முக்கால்வாசி வேலை. வரிசை கட்டும்போதெல்லாம் மனதில் அந்தப் பத்து நாள் ஓடும். முதல் நாள் கொடுத்திருந்தால். ஐந்தாம் நாள் கொடுத்திருந்தால். பத்தாம் நாள் மாலை அத்தைக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட.

போன பருவத்தின் நடுவில் சேலத்துக்காரி போன் செய்தாள். அவளுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அதே கிளப்பில்தான் இருந்தாள்.

"அக்கா, எனக்கு நாப்பது நாள் ஆகுது. வீட்ல யாருக்கும் சொல்ல வேண்டாங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"இன்னைக்கே குடு" என்றேன். "டாக்டர்கிட்ட வாங்கி, நேரா மேலாளர் மேஜையில வை. வீட்டுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். ஏழாம் பக்கத்தை எடுத்துக் காட்டு." அவள் இரண்டாம் நாளே கொடுத்துவிட்டாள். கைகுலுக்கி வாழ்த்தினார்களாம். சம்பளம் நிற்கவில்லை. வீட்டுக்குப் பூங்கொத்தும் குழந்தைத் துணியும் அனுப்பினார்கள். அவள் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். இது எனக்கு வந்திருக்க வேண்டியது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். ஒரு தடவை அத்தையின் எதிரிலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவரும் பார்க்கட்டும் என்று. "யாருதுமா இந்தத் துணி?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லது" என்று எழுந்து போனார்.

பருவம் முடிந்தது. அடுத்த பருவத்துப் பட்டியலில் அவள் இல்லை. கேட்டிருக்கிறாள். பருவம் முடியும்வரைதானே ஒப்பந்தம், அதுவரை உன் இடத்தை யாராவது தொட்டார்களா, என்றிருக்கிறார் மேலாளர். யாரும் தொடவில்லை. குழந்தை பிறந்து தேறி வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் இடத்துக்கு ஏற்கெனவே ஒரு பெண் வந்துவிட்டாள்.

"நீங்க சொன்ன மாதிரிதானே அக்கா எல்லாம் செஞ்சேன்?" என்று போனில் அழுதாள். நானும் அதே ஏழாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தவள். எதுவரை என்று நானும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. என்னை வெளியே அனுப்ப அவர்களுக்கு ஒரு பொய் கிடைத்தது. அவளை அனுப்ப அதுகூடத் தேவைப்படவில்லை. நான் முதல் நாளே அந்தத் தாளைக் கொடுத்திருந்தாலும் இன்று இதே பள்ளியில் இதே விசிலை ஊதிக்கொண்டு நின்றிருப்பேன். பொய்க்காரி என்ற பெயர் மட்டும் இருந்திருக்காது. அது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் ரயிலில் நான் அத்தையிடம் சொன்னது அதைப் பற்றி அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. அதை இதுவரை கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அத்தை சான்றிதழை வாங்கிக்கொண்டபோது நான் அதை இறுகப் பிடிக்கவில்லை. இதுவும் போன முறை போலக் கலைந்துவிட்டால், யாருக்கும் தெரியாமல் இரண்டு வாரத்தில் திரும்பிப் போய் ஆடலாம் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. குழந்தை தங்க வேண்டும் என்று அத்தை அந்தத் தாளை மறைத்தார். தங்காமல் போனாலும் என் இடம் தங்க வேண்டும் என்று நான் மறைத்தேன். என் மகளின் மூக்கருகே நான் இன்னும் விரலை வைத்துப் பார்ப்பது எதனால் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

சேலத்துக்காரி போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் அவர் முகத்தில் பழையபடி அதிகாரம் வரும், குழந்தையைக் கேட்காமல் தூக்குவார், வெளியே போகும்போது கன்னத்தில் கறுப்பை அப்பி அனுப்புவார். வரட்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்மேல் தப்பு இல்லை என்று ஆகிவிட்டால், நான் யாரோடு கோபித்துக்கொண்டு காலையில் எழுந்திருப்பேன் என்று தெரியவில்லை.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு வாய் பருப்பு சாதத்துல நெய் வுட்டு ஊட்டட்டுமாமா?" என்றார்.

"ஊட்டுங்க அத்தை" என்றேன். இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று அவர் நின்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.